கடலோர வீட்டுக்கு ஓர் ஏர்கோன் சீர்

போன சனிக்கிழமை ஓர் ஏர்கோனைக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, சீட் பெல்ட்டும் மாட்டி, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன்.

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

என் அக்கா கமலா புது வீடு கட்டியிருக்கிறாள். கிள்ளானைத் தாண்டி, காப்பாரையும் தாண்டி, ஜெராம் போகிற கடலோரச் சாலையில். ஞாயிற்றுக்கிழமை காலை புதுமனை புகுவிழா. பிறந்த வீட்டுச் சீர் போக வேண்டுமே! அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்றால் இன்றைக்கு நான் ஒருவன்தான். குத்துவிளக்கு அவளிடம் இருக்கிறது. பித்தளைக் குடங்கள் பரணில் தூங்குகின்றன. புடவைகள் அலமாரிக் கதவை மூடவிடாமல் தள்ளுகின்றன. வேறு என்னதான் கொடுப்பது?

அப்போதுதான் அவள் போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. "புது வீட்டுல ஏர்கோன் கிடையாதுடா. மலர் வேணாம்னுட்டா."

எனக்குப் பகீரென்றது. ஏர்கோன் இல்லாத வீடா? இந்த நாட்டிலா? அதுவும் மேற்கே கடல் பார்த்த இடத்தில், மத்தியான வெயில் மூஞ்சியில் அடிக்கிற இடத்தில்? மலருக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?

மலர் என்பவள் அத்தானின் தங்கை மகள். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் ஆர்க்கிடெக்ட். நாற்பது வயதைத் தாண்டிய, அதிகம் பேசாத பெண். நாம் பேசப் பேசத் தலையாட்டுவாள் - கடைசியில் அவள் நினைத்ததைத்தான் செய்வாள். அந்த வகை.

நேரே கடைக்குப் போனேன். சக்கரம் வைத்து உருட்டிக்கொண்டு போகிற ஏர்கோன் ஒன்றை வாங்கினேன். பின்னால் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். அதை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டால் போதுமாம். காற்றைச் சுத்தம் செய்யும் என்றும் பெட்டியில் போட்டிருந்தது. "எந்த வீட்டுக்கும் ஓகே லா, பாஸ்" என்றார் கடைக்காரர்.

அவர் என் அக்கா வீட்டைப் பார்த்ததில்லை.

இங்கே அத்தானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் கோபால். துறைமுகத்து கோடவுன்களில் மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆயுளையே கழித்தவர். நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. தூசி பாதிக் காரணம், அவர் ஊதித் தள்ளிய சிகரெட் மீதிக் காரணம். "இருக்கறத பத்திரமா வச்சி ஓட்டணும் அங்கிள்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சிகரெட்டை அன்றைக்கே விட்டார். ஆனால் இருமல் அவரை விடவில்லை.

அத்தான் நல்ல சிரிப்புக்காரர். எங்கள் குடும்பத்தில் ஜோக் சொன்னால் முதலில் சிரிப்பவர் அவர்தான். இப்போதெல்லாம் அவர் சிரித்தால் அது இருமலில் போய் முடியும். முகம் சிவந்து, கண் பிதுங்கி, அக்கா முதுகைத் தடவி... பார்க்கவே முடியாது. அதனால் அவர் இருக்கும்போது யாரும் ஜோக் அடிப்பதில்லை என்று எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. என்ன கொடுமை பாருங்கள்!

கிள்ளானில் அவர்கள் இருந்தது வரிசை வீடு. நம்முடைய வரிசை வீடுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வாங்கியவுடன் முதல் வேலை என்ன? பின்பக்கம் சமையலறையை எல்லைச் சுவர்வரை இழுப்போம். முன்பக்கம் போர்ச்சைச் சாக்கடைவரை இழுப்போம். செடி இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டு, அதன்மேல் மினுமினு டைல்ஸ் ஒட்டுவோம். எல்லா ஜன்னலுக்கும் கிரில். கிரிலுக்கு வெளியே இன்னொரு கிரில். எல்லாம் முடிந்த பிறகு சோபாவில் உட்கார்ந்து, விசிறிக்கொண்டே, "ஏன்தான் இப்படிப் புழுங்குதோ?" என்று கேட்போம். பிறகு ஏர்கோன் மாட்டுவோம்.

நான் மட்டும் என்ன யோக்கியமா? என் ஃபிளாட்டில் படுக்கையறை ஜன்னல் இருப்பது அதன் திரைச்சீலையைப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த வீட்டில் அத்தான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஏர்கோனைப் போட்டால் குளிர் பட்டு இருமுவார். நிறுத்தினால் வெக்கையில் மூச்சு முட்டும். போட்டு, நிறுத்தி, போட்டு, நிறுத்தி... அக்கா ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுப்பாள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. மகள் கல்யாணம்.

கிள்ளானில் பெரிய மண்டபம். சுற்றிலும் மூடி, ஜில்லென்று குளிரூட்டிய மண்டபம். குருக்கள் ஹோமத்தை வளர்த்தார். புகைக்குப் போக இடமில்லை, அது மணவறையையே சுற்றிக்கொண்டு நின்றது. அத்தான் பட்டு வேட்டியோடு எழுந்து கார் பார்க்குக்கு ஓடினார். கடைசியில் அவர் தம்பி சேகரும் அவன் மனைவியும்தான் மணையில் உட்கார்ந்து பெண்ணைத் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். அத்தான் வெளியே ஒரு வேனுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று இருமிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் மண்டபத்து வாசலில் நின்றாள். நான் பார்த்தேன். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும், எந்தக் கும்பாபிஷேகத்திலும் அக்கா தனியாகத்தான் உட்காருவாள். அத்தான் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவார்.

வீடு கட்டுவதென்று முடிவானபோது மலர் நோட்டும் பேனாவுமாக வந்து, "என்ன வேணும் அத்தை உங்களுக்கு?" என்று கேட்டாளாம். மற்றவர்கள் என்ன சொல்வார்கள்? கிச்சன் கேபினெட் இப்படி வேண்டும், மாஸ்டர் பெட்ரூம் அப்படி வேண்டும், கார் இரண்டு நிற்க வேண்டும் - இல்லையா? என் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம்.

"வீடு குடிபோற ஹோமத்துல ஒன் மாமா என் பக்கத்துல உக்காரணும். முழுசா. பூர்ணாகுதி வரைக்கும். அதுக்கு ஏத்த மாதிரி ஒரு வீடு கட்டிக் குடு."

மலர் வழக்கம்போலத் தலையாட்டினாளாம்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போய் இறங்கினேன். தார் ரோடு கானலில் நெளிந்தது. காரிலிருந்து இறங்கியதும் வெயில் மண்டையில் அடித்தது. "இதுல ஏர்கோன் வேணாமாம்" என்று எனக்குள் முனகிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன்.

வீடு தரையில் இல்லை. கான்கிரீட் கால்களில் எழும்பி நின்றது. அதற்குக் கீழே கார் நிற்க இடம், ஓர் ஊஞ்சல், மழைத் தண்ணீர் பிடிக்கிற இரண்டு பெரிய தொட்டிகள். சுற்றிலும் சிமெண்ட் என்று ஒரு சாண் இல்லை. புல்லும் மணலும்தான். பின்னால் கடல் அணை, அதைத் தாண்டிப் பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள் வேரை விரித்துச் சேற்றில் நின்றன. கடலில் ஏற்றம் பெரிதாக இருக்கிற நாளில் தண்ணீர் அணையைத் தாண்டிக் கசிந்து வருமாம். "வரட்டும் அங்கிள், கீழ வந்து பாத்துட்டுப் போயிரும்" என்றாள் மலர், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் வருவதுபோல.

கடல் நன்றாகத் தெரிய அந்த மரங்களை வெட்டிவிடலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னார்களாம். மலர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மரங்கள் அப்படியே இருக்கின்றன. "கரையைப் பிடிச்சி வச்சிருக்கறதே அதுங்கதான். உப்புக் காத்தோட வேகத்தையும் கொஞ்சம் கொறைக்கும்" என்றாள்.

மாடிப்படி ஏறி உள்ளே காலை வைத்தேன்.

என்ன சொல்வது? வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த கழுத்தில் யாரோ ஈரத்துணி போட்டது போல இருந்தது. ஏர்கோனின் அந்த அறைகிற குளிர் இல்லை. இது காற்று. அசைகிற காற்று. ஹாலின் இந்தப் பக்கம் நுழைந்து, சட்டையைத் தொட்டு, அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. மேலே ஃபேன் ஓடவில்லை. நான் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தேன், நிஜமாகவே ஓடவில்லை!

"எங்கேர்ந்து வருது இது?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னப்பிள்ளைக் குரலாகக் கேட்டது.

மலர் மேற்குப் பக்கத்தைக் காட்டினாள். "இங்கதான் அங்கிள் மண்டை காஞ்சிடுச்சி. மத்தியானம் கடல் காத்து மேற்கேர்ந்து வருது. மத்தியான வெயிலும் அதே மேற்கேர்ந்துதான் வருது. ஒருத்தர உள்ள விடணும், ஒருத்தர வெளிய நிறுத்தணும். வாசலோ ஒண்ணுதான்!"

என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? மேற்கே அகலமான ஒரு வராந்தா. கூரை அதற்கும் அப்பால் தொப்பி விளிம்பு மாதிரி நீண்டு தாழ்ந்து வருகிறது. வராந்தாவின் வெளிப்பக்கம் முழுக்க மரச்சட்டங்கள், சாய்த்துப் பொருத்தியவை. வெயில் அந்தச் சட்டங்களின் முதுகில் விழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது. காற்று மட்டும் இடுக்குகள் வழியாக உள்ளே வருகிறது. சட்டங்களுக்கு உள்பக்கம் கண்ணாடிப் பட்டை ஜன்னல்கள் - கைப்பிடியை அழுத்தினால் திறக்கும், இழுத்தால் மூடும். புயல் மழைக்கு மட்டும் மூடினால் போதும்.

"விடியக்காலைல காத்து திரும்பிக்கும். தரையிலேர்ந்து கடலுக்குப் போவும். அதுக்குக் கிழக்க வாசக்கதவு" என்றாள். பிறகு மேலே கையைக் காட்டினாள். கூரையின் உச்சியில், நீளவாக்கில் ஓர் இடைவெளி. மழை இறங்காதபடி அதன்மேல் ஒரு குட்டிக் கூரை. "சூடான காத்து மேல ஏறும். போக வழி இல்லன்னா நம்ம தலைமேலயே நிக்கும். வழி விட்டா அது பாட்டுக்குப் போயிரும்... போறப்ப கீழேர்ந்து புதுக் காத்தையும் இழுத்துக்கும்."

கூரை வெளிர் நிறம், உள்ளே வெப்பம் இறங்காத பஞ்சு விரிப்பு. அதற்கு மேல் சூரியத் தகடுகள். விளக்கு, ஃபேன், ஐஸ்பெட்டி எல்லாம் பெரும்பாலும் அதிலேயே ஓடிவிடும். இரும்பு கிரில் மருந்துக்குக்கூட இல்லை. "கடக்கரையில வெயிலவிடப் பெரிய எதிரி உப்பு. இரும்பத் தின்னுடும்" என்று ஓர் ஆணியைக்கூடத் தேர்ந்தெடுத்து அடிக்கவைத்திருக்கிறாள்.

நான் நம் கோவில் கோபுரங்களை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். இரட்டைக் கோபுரத்தையும் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் கழுத்து வலித்தது. இங்கே, ஒரு சாதாரண ஹாலில், கூரை உச்சியில் தெரிந்த ஒரு கீற்று வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இதில் மோட்டார் கிடையாது, ரிமோட் கிடையாது. சூரியன் எங்கே போகிறது, காற்று எப்போது திரும்புகிறது என்று ஒரு பெண் உட்கார்ந்து யோசித்திருக்கிறாள், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானை நினைத்தால் இப்போதும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அத்தான் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் இருந்தார். "வாங்க மச்சான்! எப்படி இருக்கு நம்ம அரண்மனை?" என்றார்.

அப்போதுதான் ஏர்கோன் ஞாபகம் வந்தது.

சீரைக் காரில் வைத்துக்கொண்டு வெறுங்கையோடு நிற்க முடியுமா? சேகரும் நானும் அதை மூச்சு வாங்க மேலே தூக்கி வந்தோம். ஹாலின் நடுவே பெட்டி உட்கார்ந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். பெட்டியின்மேல் அச்சடித்த பனிக்கரடி ஒன்று பல்லைக் காட்டிச் சிரித்தது.

"என்னடா இது?" என்றாள் அக்கா.

"சீர்" என்றேன்.

மலர் தலையாட்டினாள். எனக்கு அந்தத் தலையாட்டலின் அர்த்தம் தெரியும்.

ஆனால் அக்காவைப் பாராட்டத்தான் வேண்டும். பிறந்த வீட்டுச் சீராயிற்றே! சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்து பெட்டிக்குப் பொட்டு வைத்தாள். சரியாகப் பனிக்கரடியின் நெற்றியில். பக்கத்தில் பழத்தட்டு, பூத்தட்டு எல்லாவற்றையும் அடுக்கினாள். என் சீர் ஹால் மூலையில் சாமி மாதிரி வீற்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சம் வருவதற்குள் வீடு நிறைந்துவிட்டது. கீழே கூடாரத்தில் இட்லி வெந்துகொண்டிருந்தது. வாசலில் பூசணிக்காய் வெட்டியாயிற்று. அடுப்பில் பால் பொங்கியாயிற்று. குருக்கள் ஹாலின் நடுவே, அந்தக் கூரைத் திறப்புக்கு நேர் கீழே, ஹோமக் குண்டத்தை அடுக்கினார். இடத்தைக் குறித்துக் கொடுத்தவள் மலர்.

இரண்டு மணைகள் போட்டார்கள். அத்தான் வந்து ஒன்றில் உட்கார்ந்தார். கையில் தர்ப்பை மோதிரம். இடுப்பில் மூச்சு மருந்து. இருமல் தொடங்கினால் உடனே எழுந்துவிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்கா பக்கத்து மணையில் உட்கார்ந்தாள். இப்படி இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகியிருக்கும்! அவள் முகம் கல்யாணப்பெண் முகம் மாதிரி பயந்துபோய் இருந்தது.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். சேகர் பட்டு வேட்டி கட்டி, துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு தயாராக நின்றான். ஒருவேளை அத்தான் எழுந்துவிட்டால் என்று. யாரும் அவனிடம் சொல்லவில்லை, அவனாகவேதான். அக்காவும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

குருக்கள் தீயை மூட்டினார். மந்திரம் தொடங்கியது. அத்தான் நெய்யை விட, அக்கா தர்ப்பையால் அவர் தோளைத் தொட்டுக்கொண்டே இருந்தாள். அதுதான் முறை. புகை எழுந்தது...

எழுந்த புகை அங்கேயே நின்றது.

மேலே போக வேண்டிய புகை எங்கள் தலைமட்டத்தில் சுருண்டு, பரவி, கீழே இறங்க ஆரம்பித்தது. என் கண் எரிந்தது. அத்தான் ஒரு முறை செருமினார். இன்னொரு முறை. பிறகு இருமினார். அக்காவின் தர்ப்பை அவர் தோளிலேயே நின்றுவிட்டது. சேகர் ஓரடி முன்னால் வந்தான்.

"மாமா, ஏந்திரிங்க. வெளிய வந்து உக்காருங்க" என்று யாரோ சொன்னார்கள். அத்தான் எழுந்திருக்கவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

கூட்டத்துக்குள்ளிருந்து மலரின் குரல் வந்தது. அவள் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "யாரு ஜன்னல அடைச்சது?"

சுற்றிலும் பார்த்தேன். மேற்கே எல்லாக் கண்ணாடிப் பட்டைகளும் இறுக மூடிக்கிடந்தன. கிழக்கே வாசக்கதவும் சாத்தியிருந்தது.

"நான்தான்" என்றார் பாக்கியம் சின்னம்மா. எங்கள் அம்மாவின் தங்கை. சாமி காரியம் என்றால் அவரை மிஞ்ச ஆளில்லை. "குத்துவிளக்கு காத்துல ஒரு தடவ அணைஞ்சே போச்சி! புது வீட்டுல விளக்கு அணையலாமா? நான்தான் சுத்திச் சுத்தி எல்லாத்தையும் அடைச்சேன். தப்பா?"

தப்பா சரியா என்று யார் சொல்வது? அவர் பார்வையில் விளக்கு அணைந்தால் குடும்பத்துக்கு ஆகாது. மலர் பார்வையில் காற்று நின்றால் மாமாவுக்கு ஆகாது. நாம் எங்கே போனாலும் இப்படித்தானே - விளக்குக்காகக் காற்றை அடைத்து, வேர்வைக்காக ஃபேனைப் போட்டு, ஃபேனில் விளக்கு அணைகிறதென்று ஃபேனையும் நிறுத்தி... உலகத்தில் வேறு எந்த ஜனம் இந்தப் பாடு படும்?

"ஜன்னலைத் தொறந்தா விளக்கு நிக்காதும்மா" என்றார் குருக்கள். "மறைப்பு ஏதாச்சும் இருந்தா வைங்க. சீக்கிரம்!"

மறைப்பு. என் கண் ஹால் மூலைக்குப் போனது. பனிக்கரடி என்னைப் பார்த்துச் சிரித்தது.

இவ்வளவு வேகமாக நான் எதையும் செய்ததில்லை. பெட்டியை உருவினேன். ஏர்கோன் தரையில் கோவணமில்லாமல் நின்றது. மலர் பூசணிக்காய் வெட்டிய கத்தியை எடுத்துவந்து பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்தாள். மூன்று பக்கச் சுவர் கிடைத்தது. நல்ல கெட்டி அட்டை, நல்ல உயரம். தீப்பிடிக்காத அளவுக்குத் தள்ளிவைத்து, குத்துவிளக்கைச் சுற்றி அதை நிறுத்தினோம். சின்னம்மா குனிந்து பார்த்தார். சுடர் ஆடாமல் நின்றது. அட்டையில் ஏற்கெனவே பொட்டு வேறு இருந்தது, அதைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தொறங்க!" என்றாள் மலர்.

சேகர்தான் வாசக்கதவுக்கு ஓடினான். துண்டு அவிழ்ந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. மற்றவர்கள் ஜன்னல் கைப்பிடிகளை அழுத்தினார்கள். பட்டைகள் வரிசையாகத் திறந்தன.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு புகை லேசாகச் சாய்ந்தது. கிழக்கிலிருந்து யாரோ மெல்ல ஊதியது போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, யோசித்து, திரண்டு, நேராக மேலே ஏறத் தொடங்கியது. எங்கள் தலைமட்டத்தில் கிடந்த பழைய புகையும் அதன் பின்னாலேயே கிளம்பியது. வெள்ளைக் கயிறு ஒன்று குண்டத்துக்கும் கூரைக்கும் நடுவே நின்றது. அது உச்சியைத் தொட்ட இடத்தில் காலை வெயில் கீற்றாக விழுந்துகொண்டிருந்தது. புகை அந்த வெயிலுக்குள் நுழைந்து, பொன்னாக மாறி, வெளியே போனது.

ஹாலில் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குருக்கள்கூட மந்திரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கைகூப்பலாமா என்று எனக்குத் தோன்றியது. கூப்பிவிட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். காற்று கண்ணுக்குத் தெரியாது என்பார்கள், அன்றைக்கு அது நடந்துபோன வழியை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அத்தான் மருந்தை ஒரு முறை இழுத்தார். மூச்சு விட்டார். இன்னொரு மூச்சு. இருமல் அடங்கியது. நெய்க் கரண்டியை மறுபடி கையில் எடுத்தார். அக்காவின் தர்ப்பை அவர் தோளைத் தொட்டது.

அந்தச் சமயத்தில்தான் வெளியே ஒரே கூச்சல். "ஆப்பி! ஆப்பி!" - தீ, தீ! பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், எங்கள் கூரையிலிருந்து புகை வருவதைப் பார்த்துவிட்டு, சாரத்தை மடித்துக்கட்டி, கையில் தண்ணீர்க் குழாயோடு ஓடி வந்திருக்கிறார்! மலர் படியில் இறங்கிப்போய் விஷயத்தைச் சொன்னாள். பெரியவர் கூரையைப் பார்த்தார், மலரைப் பார்த்தார், குழாயைக் கீழே போட்டார். "பண்டாய் லா!" என்றார். கெட்டிக்காரி என்று பாராட்டு. பிறகு கூடாரத்தில் உட்கார்ந்து இட்லியைச் சட்னியில் முக்கி முக்கி ஒரு கை பார்த்தார்.

பூர்ணாகுதி வந்தது. பட்டுத் துணியில் சுற்றிய தேங்காயை அத்தானும் அக்காவும் நான்கு கையாலும் சேர்ந்து பிடித்துத் தீயில் விட்டார்கள். அக்கா அழுதாள். வாய்விட்டே அழுதாள். கல்யாண மண்டபத்து வாசலில் அவள் அடக்கிவைத்தது அது, எனக்குத் தெரியும்.

அத்தான் திரும்பி சேகரைப் பார்த்தார். "தம்பி, இந்தத் தடவ நீ சாப்பிட மட்டும் உக்காரு, போதும்" என்றார். சேகர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வெளியே போனான்.

சாப்பாட்டுப் பந்தியில் சொந்தக்காரர்கள் மலரைச் சூழ்ந்துகொண்டார்கள். சிரி கெம்பாங்கானில் எனக்கும் ஒரு வீடு இருக்கிறது, கூரையில் ஓட்டை போட்டுத் தருகிறாயா என்று ஒருவர். மேற்கே வராந்தா இழுக்கலாமா என்று இன்னொருவர். மலர் எல்லோருக்கும் தலையாட்டினாள். ஒன்று மட்டும் கேட்டாள்: "மொதல்ல நீங்க வீட்டுல என்னத்தையெல்லாம் அடைச்சி வச்சிருக்கீங்கன்னு பாத்துட்டு வாங்க."

நானும் யோசித்துப் பார்த்தேன். வீடு கட்டும்போது எத்தனை அறை, எத்தனை கார், எத்தனை ஏர்கோன் என்று எண்ணுகிறோம். இந்த வீட்டில் யார், எதனால் கஷ்டப்படுகிறார்கள் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? அக்கா கேட்டாள். ஒரு மனுஷனின் மூச்சை வைத்து அளந்து ஒரு வீடு எழும்பிவிட்டது. அதில் கரண்ட் மிச்சம், தண்ணீர் மிச்சம், பாக்காவ் மரம் மிச்சம். எல்லாம் கொசுறாக வந்தவை.

சாயங்காலம் கிளம்பும்போது அக்கா ஏர்கோனைக் காட்டினாள். "இத எடுத்துட்டுப் போடா. இங்க எடம் அடைச்சிக்கிட்டு நிக்கும்."

"சீரைத் திருப்பி அனுப்பினா நல்லாவா இருக்கும்?" என்றேன், ரோஷத்தோடு.

"யாரு திருப்பி அனுப்புறா? சீரைத்தான் எடுத்துக்கிட்டேனே!" என்று பூஜை மாடத்தைக் காட்டினாள். குத்துவிளக்கைச் சுற்றி அந்த அட்டை நின்றது. பனிக்கரடி கழுத்தில் யாரோ ஒரு முழம் மல்லிகை சுற்றியிருந்தார்கள்.

ஏர்கோன் மறுபடி சீட் பெல்ட் மாட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸுக்கே வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை கடைக்குக் கொண்டுபோனேன். பெட்டி இல்லாமல் திருப்பி எடுக்க மாட்டாராம். வேறு வழி? அக்காவுக்குப் போன் போட்டு, பெட்டியை மட்டும் கொடுத்துவிடேன் என்று இழுத்தேன்.

"கொடுத்த சீரைத் திருப்பிக் கேக்குற மொத தம்பி நீதான்டா!" என்றாள் அக்கா.

பின்னால் அத்தான் வெடித்துச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் பழக்கதோஷத்தில் போனைக் காதில் அழுத்திக்கொண்டு காத்திருந்தேன்... இருமல் வரவில்லை.